கம்போடியா: கோயிலுக்கு அப்பால் ஒரு நாடு

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பொது அறிவு வினாக்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். "உலகின் மிகப் பெரிய கோயில் வளாகம் எது?" என்றதும் "அங்கோர்வாட்" என்று பல குரல்கள் எழுந்தன. "எந்த நாடு?" "கம்போடியா." "கட்டிய மன்னர்?" "இரண்டாம் சூரியவர்மன்." எல்லாம் சரியான விடைகள்தான். அடுத்த வினாவுக்குப் போகும் நேரத்தில் கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், அந்தக் கோயிலைச் சுத்தி இப்போ யாரு சார் இருக்காங்க? அங்க இருக்கிற பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?"

என்னிடம் விடை இல்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்று சமாளித்தேன். ஒரு நாட்டை ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருக்கி இத்தனை ஆண்டுகள் கடந்து வந்திருக்கிறேன் என்பது அன்று உறைத்தது. அந்த மாணவிக்காகத் தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். கம்போடியாவைப் பற்றிப் படிக்கும் எந்த ஆசிரியரும் ஓரிடத்தில் நம் தொழிலைப் பற்றியே நின்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்த இடத்திற்குப் பிறகு வருகிறேன்.

வரைபடத்தில் கம்போடியா

தென்கிழக்கு ஆசியாவின் பெருநிலப் பகுதியில், மேற்கிலும் வடமேற்கிலும் தாய்லாந்து, வடக்கில் லாவோஸ், கிழக்கில் வியட்நாம், தென்மேற்கில் தாய்லாந்து வளைகுடா என நான்கு எல்லைகளுக்குள் அமைந்துள்ள நாடு கம்போடியா. பரப்பளவு ஏறத்தாழ 1,81,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டை (1,30,058 ச.கி.மீ.) விடப் பெரியது. மக்கள்தொகையோ ஏறத்தாழ 1.7 கோடிதான். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே 7.2 கோடிப் பேர் இருந்தோம். இந்த ஒப்பீட்டை வகுப்பில் சொன்னால் மக்கள் அடர்த்தி என்ற கருத்து மாணவர்களுக்கு உடனே பிடிபடும்.

தலைநகர் புனோம் பென். மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கெமர் இனத்தவர். மொழி கெமர். பெரும்பாலோர் தேரவாத பௌத்தர்கள். சாம் எனப்படும் இசுலாமியச் சிறுபான்மையினரும், வடகிழக்கு மலைப்பகுதிகளில் பழங்குடியினரும் வாழ்கின்றனர். நாணயம் ரியல். மன்னர் இருக்கிறார், ஆட்சி பிரதமரின் கையில். 1863 முதல் பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்த நாடு 1953 நவம்பர் 9 அன்று விடுதலை பெற்றது. தேசியக் கொடியின் நடுவே அங்கோர்வாட் கோயில் வரையப்பட்டுள்ளது.

தென்மேற்கில் உள்ள மலைத்தொடரின் பெயர் ஏலக்காய் மலை. கெமர் மொழியிலும் ஏலக்காயைக் குறிக்கும் சொல்லால்தான் அதை அழைக்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமலையைத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல தொடக்கம். கடலோரக் காம்போட் பகுதியின் மிளகுக்குப் புவிசார் குறியீடு உண்டு.

திசை மாறும் ஆறு

கம்போடியாவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு இயற்கை நிகழ்வைத் தெரிந்துகொண்டால் போதும் என்றால், அது தோன்லே சாப். நாட்டின் நடுவே உள்ள பெரிய ஏரிக்கும், அதை மீகாங் ஆற்றுடன் இணைக்கும் ஆற்றுக்கும் இதுவே பெயர்.

கோடையில் ஏரியின் நீர் இந்த ஆற்றின் வழியே தெற்கு நோக்கி வந்து, புனோம் பென் நகரில் மீகாங்குடன் சேர்கிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருகி அதன் மட்டம் ஏரியின் மட்டத்தை விட உயர்ந்துவிடும். அப்போது மீகாங்கின் வெள்ளம் இணைப்பு ஆற்றின் வழியே ஏரிக்குள் பாய்கிறது. அதாவது, நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஓர் ஆறு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரை எதிர்த்திசையில் ஓடுகிறது. நவம்பர் வாக்கில் மீகாங்கின் மட்டம் தாழ்ந்ததும் மீண்டும் பழைய திசைக்குத் திரும்புகிறது.

கோடையில் ஏறத்தாழ 2,500 முதல் 3,000 சதுர கிலோமீட்டராக, தஞ்சாவூர் மாவட்டத்தை விடச் சற்றுச் சிறியதாக இருக்கும் ஏரி, மழைக்காலத்தின் உச்சத்தில் 12,000 முதல் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. நான்கு தஞ்சாவூர் மாவட்டங்களின் அளவு! ஆழமும் ஒன்றிரண்டு மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை உயர்கிறது. கரையோரக் காடுகள் நீரில் மூழ்க, அவற்றினிடையே மீன்கள் இனப்பெருக்கம் செய்கின்றன. நீர் வடியும்போது வண்டல் நிலத்தில் நெல் விளைகிறது. ஆறு திரும்பிப் பாயும்போது மீன்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. சோறும் மீனும்தான் கம்போடியரின் உணவு என்றால், இரண்டையும் தருவது இந்த ஏரியின் ஏற்ற இறக்கமே. ஏரியில் மிதக்கும் ஊர்கள் உண்டு; வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நீரின் மேல்தான். பிள்ளைகள் படகில் பள்ளிக்கு வருகிறார்கள்.

ஆறு திசை திரும்புவதையே மக்கள் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். நவம்பர் மாத முழுநிலவையொட்டி மூன்று நாள் நீர்த் திருவிழா. அரண்மனைக்கு எதிரே நீண்ட படகுகளின் போட்டி நடக்கும். இரவில் நிலவை வணங்கி அவலும் வாழைப்பழமும் தேங்காயும் சேர்த்து உண்பார்கள். புதுநெல்லை வறுத்து இடிக்கும் அந்த அவல் நம் வீட்டு அவலேதான்.

இந்த ஏரிக்கு இன்று ஆபத்து வந்திருக்கிறது. மீகாங்கின் மேற்பகுதியில் அடுத்தடுத்துக் கட்டப்படும் அணைகளாலும் மாறிவரும் பருவமழையாலும் ஏரிக்குள் வரும் வெள்ளம் சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைகிறது. ஆற்றுநீர்ப் பங்கீட்டைப் பற்றி நம் மாணவர்களுக்குத் தனியாக விளக்கத் தேவையில்லை. மேலே இருப்பவர் மடையை அடைத்தால் கடைமடைக்காரர் என்ன ஆவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கற்கள் சொல்லும் வரலாறு

கி.பி. 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டதிலிருந்து அங்கோர் காலம் கணக்கிடப்படுகிறது. அதன்பின் ஆறு நூற்றாண்டுகள் தென்கிழக்கு ஆசியாவின் பெரும் வல்லரசாக கெமர் பேரரசு விளங்கியது. 'அங்கோர்' என்ற சொல் வடமொழி 'நகர' என்பதன் கெமர் வடிவம். நாம் 'நகரம்' என்பதும் அதே சொல்தான்.

12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பிய கோயில் அங்கோர்வாட். சுற்றியுள்ள அகழியின் அகலம் மட்டும் 190 மீட்டர். நடுக்கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். பெரும்பாலான கோயில்கள் கிழக்கு நோக்கியிருக்க, இது மேற்கு நோக்கியுள்ளது. பாற்கடல் கடையும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்திற்குச் சுவரில் செதுக்கப்பட்டுள்ளது. பின்னாளில் இது பௌத்தக் கோயிலாகி, இன்றும் வழிபாட்டில் உள்ளது. 1860-இல் ஒரு பிரெஞ்சுப் பயணி காட்டுக்குள் இதைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்களில் படிக்கிறோம். பௌத்தத் துறவிகள் அங்கே தொடர்ந்து வழிபட்டு வந்த கோயில் அது. அதைக் 'கண்டுபிடித்தார்' என்பது சரியாகாது.

கோயில்களைத் தாங்கியது நீர் மேலாண்மை. அங்கோரின் மேற்கு ஏரி 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டருக்கு மேல் அகலமும் கொண்டு மனிதக் கையால் கட்டப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த ஏழாம் ஜெயவர்மன் பௌத்தர். நாடெங்கும் 102 ஆரோக்கியசாலைகள் இருந்ததாக அவருடைய 1186-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. நம் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் ஆதுலர் சாலை நடந்ததை அறிந்த ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். ஜெயவர்மன் கட்டிய பாயோன் கோயிலின் சுவர்களில் போர்க் காட்சிகளுக்குக் கீழே சந்தை, மீன்பிடித்தல், சமையல், சேவல் சண்டை எனச் சாதாரண மக்களின் வாழ்க்கை செதுக்கப்பட்டிருக்கிறது. 1296-இல் வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கிய சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சௌ தாகுவான், அங்கே வாணிபத்தை நடத்துபவர்கள் பெண்களே என்று எழுதிவைத்தார்.

14, 15-ஆம் நூற்றாண்டுகளில் கடும் வறட்சியும் பெருவெள்ளமும் மாறி மாறி வந்தன. தாய்லாந்தின் அயூத்தியா அரசுடன் போர்கள் மூண்டன. தலைநகரம் தெற்கே, ஆறுகள் கூடும் இடத்திற்கு நகர்ந்தது.

தமிழகத் தொடர்பு: எதைச் சொல்லலாம்?

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். "அங்கோர்வாட்டைக் கட்டியது சோழர்கள்" என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. மாணவர்களும் அதை நம்பிக் கேட்கிறார்கள். அங்கோர்வாட்டைக் கட்டியவர்கள் கெமர் மக்கள். முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பு (1025) சுமத்ரா, மலாய்த் தீபகற்பம் சார்ந்த ஸ்ரீவிஜயத்தின் மீது நடந்தது. கம்போடியாவின் மீது அல்ல.

சான்றுள்ள தொடர்புகளே போதுமான பெருமை உடையவை. கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. தாய்லாந்து எழுத்து அந்த கெமர் எழுத்திலிருந்து உருவானது. காம்போச மன்னன் நட்பை நாடி இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு கூறுகிறது. காம்போச மன்னன் காட்சியாகக் கொடுத்த கல் ஒன்று தில்லைக் கோயிலில் வைக்கப்பட்டதை முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஆண்டான் அடிமை உறவாக அன்றி, இரண்டு அரசுகளின் நட்பாக இதைச் சொல்வோம்.

எழுத்து நம் பக்கத்திலிருந்து போனாலும் மொழிக்குடும்பம் வேறு. கெமர் ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் சந்தாலி, முண்டாரி, காசி ஆகிய மொழிகள் அதற்கு உறவு.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. மீகாங் கரையிலுள்ள சம்போரில் கிடைத்த கெமர் கல்வெட்டு ஒன்றில் சக ஆண்டு 605 என்பது இலக்கங்களில் பொறிக்கப்பட்டு, நடுவிலுள்ள பூச்சியம் ஒரு புள்ளியாகக் காட்டப்பட்டுள்ளது. 605-உடன் 78-ஐக் கூட்டினால் கி.பி. 683. உலகில் இன்று அறியப்பட்டுள்ள மிகப் பழைய பூச்சியக் குறியீடுகளில் இதுவும் ஒன்று. உள்நாட்டுப் போர்க் காலத்தில் காணாமல் போனதாகக் கருதப்பட்ட இந்தக் கல் 2013-இல் மீண்டும் அடையாளம் காணப்பட்டது.

வணக்கமும் வாழ்க்கையும்

கம்போடியர் இரு கைகூப்பி வணங்குகிறார்கள். 'சம்பேயா' எனப்படும் இந்த வணக்கத்தில் கைகளின் உயரம் முக்கியம். ஒத்த வயதினருக்கு மார்புக்கு நேராக. வயதில் மூத்தோருக்கு வாய்க்கு நேராக. பெற்றோர், தாத்தா பாட்டி, ஆசிரியர் ஆகியோருக்கு மூக்குக்கு நேராக. மன்னருக்கும் துறவிகளுக்கும் புருவத்திற்கு நேராக. இறைவனுக்கு நெற்றிக்கு மேலாக. பெற்றோருக்கு உரிய உயரமே ஆசிரியருக்கும்.

ஆசிரியரை அவர்கள் 'க்ரூ' என்கிறார்கள். 'குரு' என்பதன் திரிபு. ஆசிரியரை 'லோக் க்ரூ' என்றும் ஆசிரியையை 'நேக் க்ரூ' என்றும் அழைப்பார்கள். பள்ளி 'சாலா'; நம் 'பாடசாலை'யில் உள்ள சாலைதான். கிழமைகளில் ஞாயிறு 'ஆதித்', திங்கள் 'சான்', புதன் 'புத்', வெள்ளி 'சொக்'. ஆதித்தன், சந்திரன், புதன், சுக்கிரன் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒருவரையொருவர் சந்தித்தால் "சோறு சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. அவர்கள் மொழியில் 'சாப்பிடு' என்பதே 'சோறு உண்' என்றுதான் அமையும். மீனைத் தேங்காய்ப்பாலும் மசாலாவும் சேர்த்து வாழையிலையில் ஆவியில் வேகவைக்கும் 'அமோக்' புகழ்பெற்ற உணவு. மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்து ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் 'ப்ரஹோக்' ஏழை வீட்டுக் குழம்பிற்கும் சுவை தரும். நம் கருவாட்டைப் போல வாசனை முன்னே வரும்! கட்டம்போட்ட 'க்ராமா' துண்டு உழவரின் தோளில் இருக்கும். தலைப்பாகை, தூளி, முடிச்சு, துவாலை எல்லாம் அதுதான்.

அவர்களின் புத்தாண்டும் ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. புரட்டாசி மகாளய பட்சத்தை ஒட்டிய தேய்பிறை நாட்களில் முன்னோருக்குச் சோற்றுருண்டை படைக்கும் 'ப்சும் பென்' நடக்கிறது. அந்தப் பெயரில் உள்ள 'பென்', பிண்டம் என்பதன் திரிபு.

இராமாயணம் அங்கே 'ரியாம்கேர்'. பாலம் கட்டும்போது கற்களைக் களவாடும் கடற்கன்னி இராவணனின் மகள் என்றும், அனுமன் அவளைக் காதலித்தான் என்றும் அவர்களின் கதை விரிகிறது. நம் தோற்பாவைக் கூத்தைப் போலப் பெரிய தோலுருவங்களை வைத்து நிகழ்த்தும் 'ஸ்பெக் தோம்' நிழற்கூத்தும், அரண்மனை நடனமும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றவை.

பள்ளிக்கூடம் சிறைச்சாலையான கதை

இனிதான் நான் முதலில் சொன்ன இடம் வருகிறது.

அண்டை நாடான வியட்நாமின் போர் கம்போடியாவுக்குள்ளும் பரவியது. அமெரிக்க விமானங்கள் கம்போடியக் கிராமங்களில் குண்டு வீசின. 1970 முதல் உள்நாட்டுப் போர். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் படை தலைநகரைக் கைப்பற்றியது. சில நாட்களில் நகரம் காலி செய்யப்பட்டது. மருத்துவமனையில் இருந்த நோயாளிகள்கூட வெளியேற்றப்பட்டு வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். பணம், சந்தை, சமயம், அஞ்சல் எல்லாம் ஒழிக்கப்பட்டன. பள்ளிகளும் மூடப்பட்டன. படித்தவர்கள் பகைவர்களாகக் கருதப்பட்டார்கள். ஆசிரியர், மருத்துவர், கலைஞர் எனத் தெரிந்தால் உயிருக்கு உறுதியில்லை. பலர் தங்களை எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகக் காட்டிக்கொண்டு உயிர் தப்பினார்கள்.

1979 ஜனவரி 7 வரை நீடித்த இந்த ஆட்சியில் கொலை, பட்டினி, நோய், கடும் உழைப்பு ஆகியவற்றால் 15 முதல் 20 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 80 லட்சம். நான்கைந்து பேரில் ஒருவர்.

புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்ற இடத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அதை எஸ்-21 என்ற சித்திரவதைச் சிறையாக மாற்றினார்கள். வகுப்பறைகளைச் செங்கல் வைத்துச் சிறு கொட்டடிகளாகப் பிரித்தார்கள். குறைந்தது 12,000 பேர் அங்கே அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சிறையின் தலைவர் 'டூச்' எனப்பட்டவர், ஒரு முன்னாள் கணித ஆசிரியர். போல் பாட்டும் புரட்சிக்கு முன் பள்ளியில் பிரெஞ்சும் வரலாறும் கற்பித்தவர். அந்த இயக்கத்தின் உயர்நிலைத் தலைவர்களில் இன்னும் சிலரும் ஆசிரியர்களாக இருந்தவர்களே. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசிரியர்களைக் கொன்ற ஆட்சியை நடத்தியவர்களும் ஆசிரியர்கள். கணக்கு நன்றாகத் தெரிவதும், பாடம் நன்றாக நடத்துவதும் மட்டுமே ஒருவரை மனிதராக்கிவிடுவதில்லை. எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்கும் பழக்கத்தையும் வகுப்பறை சேர்த்தே தரவேண்டும்.

மிஞ்சியவர்கள் கற்பித்தார்கள்

1979-இல் அந்த ஆட்சி வீழ்ந்தபோது ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் இறந்திருந்தார்கள் அல்லது நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். புத்தகம், கரும்பலகை, சுண்ணக்கட்டி எதுவும் இல்லை. அந்த ஆண்டிலேயே பள்ளிகள் திறக்கப்பட்டன. அதிகம் தெரிந்தவர் குறைவாகத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுங்கள்; குறைவாகத் தெரிந்தவர் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்பதே அன்றைய முழக்கம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சில வாரப் பயிற்சியுடன் ஆசிரியர்கள் ஆனார்கள். மரத்தடிகளில் வகுப்புகள் நடந்தன. பணம் ஒழிக்கப்பட்டிருந்ததால் தொடக்கத்தில் சம்பளம் அரிசியாகவே தரப்பட்டது.

நடனத்தின் கதை இன்னும் நெகிழ்ச்சியானது. அரண்மனை நடனம் ஏட்டில் இல்லை. ஆசிரியரின் உடலிலும் நினைவிலும்தான் இருந்தது. கலைஞர்களில் மிகப் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். மிஞ்சிய சிலரில் ஒருவர் சியா சாமி. சிறு வயதிலேயே அரண்மனையில் நடனம் பயின்றவர். அவர் கணவர் போல் பாட்டின் அண்ணன். சிறுவனாகத் தங்கள் வீட்டில் வளர்ந்த கொழுந்தன்தான் நாட்டை ஆளும் போல் பாட் என்பதை, பொதுச் சமையலறைச் சுவரில் மாட்டப்பட்ட படத்தைப் பார்த்துத்தான் அவர் அறிந்தார். அதுவரை அவரும் மற்றவர்களைப் போலக் கூலியுழைப்பில் கிடந்தவர்தான். 1979-க்குப் பின் அவர் செய்தது, தெரிந்த அசைவுகளை எல்லாம் நினைவிலிருந்து மீட்டு, மற்ற சில கலைஞர்களுடன் சேர்ந்து சிறுபிள்ளைகளுக்குக் கற்பித்தது. அவர்களில் பலர் பெற்றோரை இழந்தவர்கள். 1994-இல் சியா சாமி இறந்தபோது, அந்த நடனத்தைத் தெரிந்த அடுத்த தலைமுறை ஒன்று உருவாகியிருந்தது. இன்றும் அங்கே நடனம் தொடங்குமுன் மறைந்த ஆசிரியர்களுக்கு வணக்கம் செலுத்தும் 'சம்பேயா க்ரூ' சடங்கு நடக்கிறது.

சிறுவனாக முகாமில் குழல் வாசித்து உயிர் தப்பிய ஆர்ன் சோன்-பாண்ட் என்பவர் 1998-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மிஞ்சியிருக்கும் முதிய இசைக் கலைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்து மாணவர்களை அவர்களிடம் சேர்ப்பதே அதன் வேலை.

இன்றைய கம்போடியா

1991 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் 1993-இல் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தது. 1999-இல் ஆசியான் அமைப்பில் சேர்ந்தது. நெல், சுற்றுலா, ஆயத்த ஆடை ஆகியவையே பொருளாதாரத்தின் தூண்கள். நம் திருப்பூரைப் போலவே அங்கேயும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காகத் தைக்கிறார்கள். தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் வயல்களில் புதைந்து கிடக்கின்றன. அவற்றை மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஆப்பிரிக்க எலிகளில் ஒன்றான 'மகாவா' 2020-இல் வீரப் பதக்கம் பெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட வெடிபொருட்களைக் கண்டறிந்த எலி அது. தாய்லாந்துடனான எல்லைச் சிக்கல் தீரவில்லை. 2025-இலும் மோதல் நடந்தது.

பள்ளிக் கல்வி நம்மைப் போலப் பன்னிரண்டு ஆண்டுகள்: தொடக்கநிலை ஆறு, இடைநிலை மூன்று, மேல்நிலை மூன்று. ஒன்பது ஆண்டுக் கல்வியை அரசியல் சட்டம் இலவசமாக உறுதி செய்கிறது. இடப் பற்றாக்குறையால் பல பள்ளிகள் காலை, பிற்பகல் என இரு வேளைகளாக இயங்குகின்றன. ஆசிரியர் சம்பளம் நெடுங்காலம் மிகக் குறைவாக இருந்ததால் பலர் வேறு வேலைகளும் பார்த்தார்கள். 2014-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் முறைகேடுகளைக் கண்டிப்பாகத் தடுத்தபோது, முந்தைய ஆண்டு 87 விழுக்காடாக இருந்த தேர்ச்சி ஏறத்தாழ 26 விழுக்காடாக இறங்கியது. அரசு அந்த எண்ணை மறைக்கவில்லை. தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புத் தேர்வு நடத்தியது.

கெமர் ரூஜ் காலத்தை நெடுங்காலம் பாடநூல்கள் தொடவே தயங்கின. 2007-இல்தான் அதற்கெனத் தனி நூல் வெளியானது. பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. கொல்லப்பட்டவரின் பேரனும் கொன்றவரின் பேத்தியும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்துவது எத்தகைய பொறுப்பு! துவோல் ஸ்லெங் பள்ளி இன்று அருங்காட்சியகம். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது.

வகுப்பறையில் எப்படிக் கொண்டுசெல்லலாம்?

தொடக்க நிலை: ஐந்து உயர வணக்கத்தை நடித்துக் காட்டுதல். ஒரு துண்டைக் கொண்டு எத்தனை வேலை செய்யலாம் என்று பட்டியலிடுதல். மகாவா எலியின் கதை.

நடுநிலை: இரண்டு தட்டுகளை ஒரு குழாயால் இணைத்து, ஒன்றில் நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்தினால் தோன்லே சாப் திசை மாறுவதைக் கண்ணால் காணலாம். கிழமைப் பெயர்களை ஒப்பிடுதல், சக ஆண்டைக் கி.பி.-க்கு மாற்றுதல், ஏரியின் பரப்பு எத்தனை மடங்கு பெருகுகிறது எனக் கணக்கிடுதல் ஆகியவற்றையும் சேர்க்கலாம்.

உயர்நிலை, மேல்நிலை: கைப்பேசியில் வரும் ஒரு வரலாற்றுச் செய்தியை எடுத்துக்கொண்டு "இதற்குச் சான்று என்ன?" என்று ஆராயச் செய்தல். வீட்டு முதியவர் ஒருவரிடம், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு பாட்டு, விடுகதை, மருந்து அல்லது தொழில்நுணுக்கத்தைக் கேட்டு எழுதி வரச் செய்தல்.

கெமர் ரூஜ் காலத்தை ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே எடுத்துச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. மேல் வகுப்புகளிலும் மண்டையோட்டுப் படங்களைக் காட்டி அதிர்ச்சி ஊட்ட வேண்டியதில்லை. சியா சாமியின் கதையிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்பார்கள்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன "நாளைக்கு" வர மூன்று வாரங்கள் ஆயின. ஒரு பாடவேளை முழுவதும் பேசினேன். ஏரியில் படகில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். சியா சாமியைப் பற்றிச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. முடிவில் அவளே எழுந்து, "சார், எங்க பாட்டி நடவுப் பாட்டு நெறையப் பாடும். அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் எழுதிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை நாற்பது பக்க நோட்டில் பதினோரு பாட்டுகள் எழுதி வந்தாள்.